எட்டாயிரம் ரூபாய்ப் படத்தில் ஒரு பொட்டு

2003 பிப்ரவரி 8, சனிக்கிழமை. வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்து, காபி குடித்து, துணி காயப்போட்டுவிட்டு, புனேயில் நாங்கள் இருக்கும் நிக்டியிலிருந்து பஸ்ஸில் என் முதல் ஓவியக் கண்காட்சிக்குப் போனேன்.

மழையில் நனையும் முட்டா நதிப் பாலத்தை வரைந்து, எட்டாயிரம் ரூபாய் விலை போட்டிருந்தேன்.

"எட்டாயிரமா? ஃப்ரேம் என்ன தங்கமா?" என்று கேலி செய்தார் கணவர்.

மதியம்வரை எதுவும் விற்கவில்லை. விற்ற படத்தின் விலைச்சீட்டில் சிவப்பு வட்டம் ஒட்டுவது கண்காட்சி வழக்கம். விலையைப் பார்த்து எல்லாரும் சிரிப்பார்களோ என்ற பயத்தில், கைப்பையிலிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை யாருக்கும் தெரியாமல் பாலம் படத்தின் சீட்டில் ஒட்டிவிட்டேன்.

மாலையில் வந்த ஒரு தமிழ்ப் பெண் அந்தப் படத்தைவிட்டு நகரவே இல்லை.

"அரே, இது போயிடுச்சா அக்கா? தினம் இந்தப் பாலத்து மேலதான் ஆபீஸ் போறேன்."

பொய்யைக் காப்பாற்றினால் படம் விற்காது. "போகலம்மா. பொட்டு என்னோடது. நானேதான் ஒட்டினேன்" என்றேன். முகமெல்லாம் சூடாகிவிட்டது.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "விலையாவது நிஜமா?"

குறைத்துச் சொல்ல நாக்கு துடித்தது. "நிஜம்தான்" என்றேன்.

பணத்தைக் கொடுத்தவள் பொட்டை உரித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். "இதையும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கேன்!"

அந்த விலையை முதலில் நம்பியிருக்க வேண்டியவள் நான்தான்.

மறுநாள் காலை கண்காட்சிக்குக் கிளம்பும் முன் முதல் வேலையாக, பொட்டு அட்டையைக் கைப்பையிலிருந்து எடுத்து வீட்டுக் கண்ணாடியடியில் வைத்தேன்.