நீலம் ஏறிய பால்

பிரேமா டீச்சர் மீன் வாங்குவதை ஒருமுறை பார்த்தவர்கள் அவளை மறக்க மாட்டார்கள். செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், கண்ணை விரலால் அமுக்குவாள், பிறகு கூடையை விட்டு நாலடி தள்ளி நின்று ஈ வருகிறதா என்று காத்திருப்பாள். ஈ உட்காராத மீனில் ஏதோ மருந்து இருக்கிறது என்பது அவள் தீர்மானம். மீன்காரிகள் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கல்யாணத்துக்கு முன்னால் தன்னையும் இப்படித்தான் செவுளைத் தூக்கிப் பார்த்தாள் என்று அவள் கணவன் லிங்கராஜ் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான்.

அவள் பாறசாலைப் பக்கம் எல்லையோரத்தில் பிறந்தவள். பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, கல்லூரியில் மலையாளத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மாறியவள். தமிழ்நாட்டுப் பக்கம் போனால் மலையாளத்துக்காரி, மலையாளப் பக்கம் வந்தால் பாண்டித் தமிழச்சி. இரண்டு பக்கமும் தன்னைப் பார்த்துச் சிரிப்பவர்கள் என்ன நினைத்துச் சிரிக்கிறார்கள் என்று யோசித்து யோசித்தே, எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சோதிக்கிற புத்தி அவளுக்கு வந்திருக்க வேண்டும். மலையாளப் பக்கத்துப் பெருநகரில், கிழக்கேகோட்டையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே தமிழ்ப் பிரிவில் பதினான்கு வருடமாக உயிரியல் ஆசிரியை. ஓட்டலில் இலை போடுகிறவர்கள், கட்டடத்தில் கம்பி கட்டுகிறவர்கள், சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர்கள் ஆகியோரின் பிள்ளைகள்தான் அவள் மாணவர்கள். ஒன்பதாம் வகுப்பில் இருபத்து மூன்று பேர்.

உயிரிப் பெருமூலக்கூறுகள் என்று பலகையில் எழுதினால் பிள்ளைகள் ஜன்னலைப் பார்ப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடத்துக்கு வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவரச் சொல்வாள். அந்த நாளில் சோதனைக்கூடம் கல்யாண வீட்டு அடுக்களை போல மணக்கும். மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு, புட்டு, அவித்த முட்டை, பொரித்த நெத்திலி, பப்படம் என்று மேசை நிறைந்துவிடும். சர்க்கரை என்ற சின்ன மணிகளை ஆயிரக்கணக்கில் கோத்தால் மாவுச்சத்து, அமினோ அமிலங்களைக் கோத்தால் புரதம், நாக்கில் வைத்ததும் கோத்ததை அவிழ்க்கிற வேலை தொடங்கிவிடுகிறது என்பாள். கிழங்கில் அயோடின் விட்டதும் கருநீலமாக மாறும். முட்டையின் வெள்ளையில் மயில்துத்தக் கரைசலும் காரமும் சேர்ந்து ஊதாப்பூ நிறம் காட்டும். நெத்திலியைத் தாளில் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்த் திட்டு கண்ணாடி மாதிரி தெரியும்.

இந்த வருடம் கௌசல்யா என்ற பெண் கையை வீசிக்கொண்டு வந்தாள். ஏன் எதுவும் கொண்டுவரவில்லை என்று கேட்டதற்கு, அன்று புதன்கிழமை, பால் நாள் என்றாள். மதியச் சாப்பாட்டுத் திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சிக் கொடுக்கிற நாள்.

"ஸ்கூல் பாலே எடுத்துட்டு வரட்டா டீச்சர்? எங்கம்மா கறந்ததுதான்."

அவள் அம்மா மாடம்மாள் கிள்ளியாற்றங்கரையில் மூன்று பசு வைத்திருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் போன பிறகு பசுக்களால்தான் வீடு நடந்தது. வீடுகளுக்கு ஊற்றியது போக, வாரா வாரம் பால் நாளன்று பெரும்பங்கு பள்ளிக்கூடத்துக்கு வரும். அந்தப் பணம் நின்றால், தீவனத்துக்கு வழியில்லாமல் ஒரு பசுவை விற்க வேண்டியதுதான்.

"வெள்ளம் சேத்ததும் உங்கம்மை தானே" என்றான் பின்பெஞ்சு சுபின். பாலில் தண்ணீர் சேர்த்ததைத்தான் சொல்கிறான் என்று வகுப்பே சிரித்தது. கௌசல்யாவும் சிரித்துக்கொண்டே போய் அடுக்களையிலிருந்து டம்ளரில் பால் வாங்கி வந்தாள். புரதச் சோதனையில் நல்ல ஊதா வந்தது. பெண்ணின் முகம் மலர்ந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பிரேமாவின் கை அவளைக் கேட்காமலே அயோடின் குப்பிக்குப் போயிற்று. ஆறிய பாலை வேறொரு குழாயில் ஊற்றி இரண்டு சொட்டு விட்டாள். வெறும் பால் என்றால் மஞ்சளோடு நிற்க வேண்டும். இது மெதுவாகச் சாம்பலாகி, பிறகு நீலமாயிற்று. மேசையைச் சுற்றி நின்ற எல்லோரும் பார்த்தார்கள்.

பிரேமா அப்போது வாயை மூடியிருக்க வேண்டும். "பாலில் மாவு கலந்தால்தான் இப்படி வரும்" என்று சொல்லிவிட்டாள். கெட்டியாகக் காட்ட அரிசி மாவு கலப்பார்கள் என்று போன வாரம்தான் பாடத்தில் சொல்லியிருந்தாள். எல்லோர் தலையும் கௌசல்யா பக்கம் திரும்பியது.

மத்தியானத்துக்குள் செய்தி ஆசிரியர் அறைக்குப் போய்விட்டது. மலையாளப் பிரிவு டீச்சர்கள் இருவர் தமிழ்நாட்டுக் காய்கறியில் இருக்கும் விஷம், தமிழ்நாட்டுப் பாலில் இருக்கும் மாவு என்று பேசத் தொடங்கினார்கள். பசு கிள்ளியாற்றங்கரையில் நிற்கிறது, புல்லும் இந்த ஊர்ப் புல் என்று சொல்ல பிரேமாவுக்கு வாய் வந்தது, சொல்லவில்லை. அவள் மனதிலும் அதே சந்தேகம் உட்கார்ந்திருந்தது. மாடம்மாளின் மூக்குத்தி புதிதோ, பள்ளிப் பால் மட்டும் ஏன் அவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்றெல்லாம் பழைய நாட்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஹெச்.எம். ஒரே வரியில் முடித்தார். அடுத்த புதன்கிழமையிலிருந்து பாக்கெட் பால்.

வெள்ளிக்கிழமை காலை வாசல் கேட்டருகே மாடம்மாள் நின்றிருந்தாள். சாணிக் கறை படிந்த சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். சத்தம் போடுவாள் என்று பிரேமா எதிர்பார்த்தாள். அவள் போடவில்லை.

"டீச்சர், எம் புள்ள ரெண்டு நாளா எம் மூஞ்சியப் பார்த்துப் பேச மாட்டேங்கா. பால் வேண்டாம்னு சொன்னது இருக்கட்டும். புள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்திய?"

சோதனையில் வந்ததைத்தான் சொன்னேன் என்றாள் பிரேமா. சோதனை பொய் சொல்லாதா என்று மாடம்மாள் கேட்டாள். சோதனை சொல்லாது என்று பிரேமா அழுத்திச் சொன்னாள். மாடம்மாள், தான் கலக்கவில்லை, அப்படியானால் வேறு யாரோ கலந்திருக்கிறார்கள், அதையும் அந்த மருந்திடமே கேட்டுச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கலந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள் என்று பிரேமா தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் அன்று முழுக்க அந்த வார்த்தை மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றது.

புதன்கிழமை பாக்கெட் பால் வந்தது. அதைச் சோதிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சோதிக்காமல் இருக்க அவளால் முடியவில்லை. பிள்ளைகளுக்கு ஊற்றிய பாலில் ஒரு டம்ளர் எடுத்து, யாரும் இல்லாத சோதனைக்கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு சொட்டு விட்டாள். சாம்பல். பிறகு நீலம்.

அடுக்களைக்குப் போய், இன்னும் வெட்டாத பாக்கெட் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து சோதித்தாள். மஞ்சளோடு நின்றது. அப்படியென்றால் பாக்கெட்டுக்கும் டம்ளருக்கும் நடுவில்தான் மாவு சேர்கிறது. நடுவில் இருப்பது ஓமனா. பதினோரு வருடமாகப் பள்ளியில் சமைப்பவள், பிரேமாவுக்குத் தினமும் பால் விடாத கட்டன் சாயா கொண்டு தருபவள்.

பிரேமா உடனே கேட்கவில்லை. மறுநாள் சோறு வடிக்கும் நேரத்தில், பலகை துடைக்கும் டஸ்டர் தேடுவது போல அடுக்களை ஜன்னலோரம் நின்றாள். அண்டாவிலிருந்து கஞ்சித் தண்ணீர் பெரிய சருவப் பாத்திரத்தில் வழிந்து நிறைந்தது. பாலில் கொஞ்சத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு, குறைந்த அளவைக் கஞ்சித் தண்ணீரால் நிரப்பினால் யாருக்குத் தெரியும்? இவ்வளவு நாள் குடித்த சாயாவெல்லாம் அவள் நினைவுக்கு வந்தது. ஓமனாவோ அந்தக் கஞ்சித் தண்ணீரில் ஒரு கிண்ணம் தனியே எடுத்து வைத்தாள். பிரேமா ஜன்னலை ஒட்டி எட்டிப் பார்த்தாள். ஓமனா கொடியிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, கிண்ணத்தில் முக்கிப் பிழிந்து, நீவி உதறித் திரும்பவும் காயப் போட்டாள். பக்கத்தில் ஏற்கெனவே காய்ந்த இன்னொரு துணி பப்படம் மாதிரி விறைத்து நின்றது.

பிரேமா உள்ளே போனாள். இது எதற்கு என்று கேட்டாள்.

"பால் அரிக்கிற துணியாக்கும் டீச்சறே. ஓணம் கழிஞ்சு இன்ஸ்பெக்ஷன் வந்த ஆளு, இது துணியா கரித்துணியான்னு கேட்டாரு. எனக்கு நாணக்கேடாப் போச்சு. அன்னிக்கு முதல் அலக்கி, கஞ்சி முக்கி, இஸ்திரி போட்டுத்தான் எடுக்கேன். அம்பலத்துக்குப் போற முண்டு மாதிரி இருக்கணும்."

கோவிலுக்குக் கட்டிப் போகும் வேட்டிக்குப் போடுகிற கஞ்சியை அவள் பால் வடிகட்டும் துணியைத் துவைத்து அதற்கும் போட்டிருந்தாள். கொதிக்கிற பால் அதன் வழியாக இறங்கும்போது கஞ்சியும் கூடவே இறங்கியிருக்கிறது. பிரேமா அந்த விறைத்த துணியின் ஓரத்தை வெட்டி எடுத்துப் போய் ஒரு சொட்டு விட்டாள். மை கொட்டினது போல் ஆயிற்று.

அவள் ஹெச்.எம்.மிடம் போய்ச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, பாக்கெட் பாலில் இப்போது ஒரு புகாரும் இல்லை, ஓமனாவிடம் எவர்சில்வர் வடிகட்டி வாங்கிக் கொடுத்துவிடலாம், பழையதைக் கிளறினால் மேலே கடிதம் எழுத வேண்டிவரும் என்றார். பத்து நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று ஆறுதலும் சொன்னார். பிரேமாவுக்கு அந்த ஆறுதலிலும் நம்பிக்கை வரவில்லை. மீன் சந்தையில் அவளைப் பற்றிய பேச்சையே பதினான்கு வருடமாக யாரும் மறக்கவில்லை. ஓமனாவிடம், வகுப்பில் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றாள். ஓமனா அடுப்பைத் தணித்துவிட்டு, "பறஞ்சோளு டீச்சறே. அழுக்குன்னு சொல்லாம இருந்தாப் போதும்" என்று சம்மதித்தாள்.

அன்று மாலையே பிரேமா கிள்ளியாற்றங்கரைக்குப் போனாள். மாடம்மாள் அவளை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள். மன்னிப்பு என்ற சொல் வந்தபோது கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"எங்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? சொன்ன இடத்துல சொல்லுங்க. நான் பாலோட வாரேன்."

திங்கட்கிழமை இரண்டாம் பீரியடில் மாடம்மாள் தூக்குவாளியோடு வந்தாள். வகுப்பின் முன்னால் நின்று பிரேமா நடந்ததைச் சொன்னாள். துணியைக் காட்டினாள். தவறு துணியில் மட்டும் இல்லை, தன் அவசரத்திலும் இருந்தது, ஒரு சோதனையை வைத்து ஒரு ஆளைத் தீர்மானித்துவிட்டேன் என்றாள். இதைச் சொல்லும்போது அவள் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. பிறகு மாடம்மாளின் பாலில் இரண்டு சொட்டு விட்டாள். மஞ்சளோடு நின்றது.

மாடம்மாளுக்கு அது போதவில்லை.

"பின்னால இருக்கற பிள்ளைகளுக்குத் தெரிஞ்சிருக்காது டீச்சர். ஒவ்வொருத்தரா வரட்டும். அவிய கையாலேயே ஊத்தட்டும்."

இருபத்து இரண்டு பேர் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவரும் ஆளுக்கு ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். சுபின் இரண்டு சொட்டு விட்டான். மாடம்மாள் அவனை ஏறிட்டுப் பார்த்ததும் குப்பியைக் கீழே வைத்தான். நடுவில் ஹெச்.எம். வாசலில் வந்து நின்று, புதன்கிழமை முதல் பழையபடி கொண்டுவரலாம் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள் மாடம்மாள், திரும்பாமலே.

கடைசியாக நின்றது கௌசல்யா. தனக்கு வேண்டாம் என்றாள்.

"ஊத்து" என்றாள் அம்மா. "நீயும் நெனச்சேல்லா?"

கௌசல்யா தலையைக் குனிந்துகொண்டாள். "நெனச்சேம்மா."

பிரேமா அந்தப் பெண்ணுக்காக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தாள், மாடம்மாள் முந்திக்கொண்டாள்.

"நெனச்சத எங்கிட்டயே கேட்டுருக்கலாம். அடிச்சா போட்டுருவேன்?"

கௌசல்யா சொட்டு விட்டாள். பால் மஞ்சளாகவே இருந்தது. மாடம்மாள் குனிந்து நன்றாகப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தூக்குவாளியை மூடிக் கையில் எடுத்தாள். கதவைத் தாண்டும்போது கௌசல்யா ஓடிப்போய் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். டீச்சரிடம் கேட்டுவிட்டுத்தான் வகுப்பை விட்டு வெளியே போக வேண்டும் என்பது பிரேமாவின் சட்டம். இருவரும் வராந்தாவில் நடந்து போவதைப் பார்த்தபடி அவள் சும்மா நின்றாள்.