அக்கா சுற்றிய நூறு காயில்

நான் நாலாம் வகுப்பு படித்தபோது எனக்கு ஒரே பயம்தான், அக்காவுக்கு வேலை போய்விடும் என்று. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாருக்குக்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

அக்கா எங்கள் வடக்குப்பட்டிலிருந்து மறைமலை நகருக்குப் பஸ் பிடித்துப் போய், ஒரு கம்பெனியில் மின்விசிறி மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் சுற்றினாள். லைனில் அவள் ஒருத்தியை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரு மாதம் தனியாக டிரெயினிங் கொடுத்தார்கள். திரும்பி வந்தவள், மற்றவர்கள் அறுபது சுற்றும் நேரத்தில் நூறு சுற்றினாள். சம்பளமும் கொஞ்சம் ஏறியது. அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

ஒரு வாரத்துக்குள் எதிர்வீட்டு அத்தை வந்தாள். அவளும் அதே லைன். அக்காவை வேலையில் சேர்த்துவிட்டதே அவள்தான். புருஷன் இல்லை, பார்வையும் மங்கிக்கொண்டு வந்தது.

"நீ நூறு சுத்தினா நாளைக்கு எங்களயும் நூறு கேப்பாங்கம்மா. என்னால ஆவாது. நிறுத்திடுவாங்க."

மறுநாளிலிருந்து அக்காவும் அறுபதுதான் சுற்றினாள். சூப்பர்வைசர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார் என்று அவள் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆயுத பூஜைக்குக் கம்பெனிக்குள் குடும்பத்தோடு விடுவார்கள். மெஷின்களெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு நின்றன. சூப்பர்வைசர் என்னிடம் பொரிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

"கத்துக் குடுத்தத உங்க அக்கா மறந்துடுச்சு. இனிமே இன்னா பண்றது இத்த வச்சிக்கினு?"

நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

"மறக்கல சார். அக்கா நூறு சுத்தும். அத்தைக்காவத்தான் மெதுவா சுத்துது."

அக்கா என் தோளை அழுத்திப் பிடித்தாள். சூப்பர்வைசர் இன்னொரு பொட்டலம் கொடுத்தார். அக்காவைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் அதைப் பக்கத்தில் நின்ற அத்தையிடமே நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு என் தலையைத் தடவினாள்.

அடுத்த வாரம் லைனில் எல்லோருக்கும் நூறு என்று ஆனது. தீபாவளிக்கு முன்பே அத்தை வீட்டோடு இருந்துவிட்டாள். அக்காவுக்குச் சம்பளம் மறுபடி ஏறியது. எனக்குப் பாவாடை வந்தது.

காலையில் அத்தை வாசல் தெளித்துக்கொண்டிருப்பாள். அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கொல்லைப்பக்கமாக, சத்தமில்லாமல் பஸ்ஸுக்குப் போவாள். வேலைதான் நிலைத்துவிட்டதே, இன்னும் யாருக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.