மகளுக்குக் காது குத்துமுன் என் வாயைத் திறந்த முப்பிடாதி

எனக்கு வாய் நீளம் என்று குத்துக்கல்வலசையில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தையல் கடை வைத்திருக்கிறேன். அளவு ஜாக்கெட்டை மாற்றிக் கொடுத்துவிட்டு என்னைக் குறை சொன்னவளை நான் சும்மா விட்டதே கிடையாது. ரேஷன் கடையானாலும் தண்ணீர்க் குழாயானாலும் என் சத்தம்தான் முதலில் கேட்கும். அப்படிப்பட்ட எனக்கு ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல மட்டும் இருபத்திரண்டு வருஷம் வாய் வரவில்லை. இன்று நம் வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜையில் உங்கள் முன்னால் உட்கார்ந்து அதைச் சொல்கிறேன் என்றால், அது முப்பிடாதி அம்மன் எனக்குப் போட்ட பிச்சை.

எனக்குப் பதினோரு வயது. என் அண்ணனுக்குப் பதினேழு. கூடப்பிறந்தவனே என்னிடம் தகாதபடி நடந்தான். ஒரு நாள் இல்லை, இரண்டு வருஷம். அதற்குப் பாலியல் கொடுமை என்று பெயர் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் சொன்னதுதான். "வெளிய சொன்னேன்னா அம்மா செத்துருவா." அப்பா ஏற்கெனவே இல்லை. நம்பிவிட்டேன்.

சாரல் விழுந்தால் ஊரே சந்தோஷப்படும். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்வேன். சீசன் மூன்று மாதமும் அம்மா குற்றாலத்தில் லாட்ஜ் அறைகளைக் கூட்டித் துடைக்கப் போய்விடுவாள். "அண்ணன் இருக்கான்லா, என்னட்டி பயம்?" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவாள்.

நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். யாராவது தொட்டால் அலறினேன். பிள்ளை எதையோ பார்த்துப் பயந்துவிட்டாள் என்று அம்மா முடிவு கட்டினாள். செவ்வாயும் வெள்ளியும் கோயிலில் திருநீறு போட்டுவிட்டு வரச் சொன்னாள். என்னைச் சைக்கிளில் கூட்டிப் போனது யார் என்று நினைக்கிறீர்கள்? அவன்தான். நெற்றி நிறையத் திருநீற்றோடு அவன் பின்னால் உட்கார்ந்து வீடு திரும்புவேன். எங்கள் பக்கத்தில் பிள்ளை மிரண்டால் எதைப் பார்த்து மிரண்டது என்று கேட்பார்கள். யாரைப் பார்த்து என்று யாரும் கேட்பதில்லை.

பிறகு அவன் பட்டாளத்தில் சேர்ந்தான். எனக்குக் கல்யாணம் ஆனது. மகள் பிறந்தாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து வந்து தோளில் கை வைத்தால்கூடக் கத்திவிடுவேன். அவர் லோடு வண்டி ஓட்டுகிறவர், செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குக் காய்கறி கொண்டுபோவார். பாவம், களைத்து வரும் மனுஷனிடம் எரிந்து எரிந்து விழுவேன். தப்பு என் மேல்தான் என்று இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன தை மாதம் என் மாமனார், பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் சாஸ்தா கோயிலில் பேத்திக்குக் காது குத்தலாம் என்றார். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்துவார்கள்? அதுதானே நம் வழக்கம்? மறுநாளே அண்ணன் போன் செய்தான். "லீவு கேட்டுருக்கேன்ட்டி. கம்மல் நான் வாங்கியாரேன். என் மருமவள என் மடியில வச்சுத்தான் குத்தணும்."

தையல் மிஷினை அப்படியே நிறுத்தினேன். மகள் அருகில் உட்கார்ந்து வெட்டுத்துணியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அந்தப் பிஞ்சு அவன் மடியிலா?

முப்பிடாதி கோயிலுக்கு ஓடினேன். "தாயே, அவனுக்கு லீவு கிடைக்கக் கூடாது" என்று வேண்டினேன். ஐந்து வெள்ளிக்கிழமை விளக்குப் போட்டேன். லீவு கிடைத்துவிட்டது! எனக்கு வந்ததே கோபம். நடையில் நின்றே சண்டை போட்டேன். "நீயும் ஒரு பொம்பளதானா? உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" அழுது ஓய்ந்த பிறகு வேறு மாதிரி கேட்டேன். "சரி, அவன் வரட்டும். எனக்கு வாயையாவது குடு."

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அச்சடித்த பத்திரிகைக் கட்டை வீட்டுக்காரர் கொண்டுவந்து வைத்தார். மஞ்சளைக் குழைத்து ஒவ்வொரு பத்திரிகைக்கும் நாலு மூலையிலும் தொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். கீழே தாய்மாமன் என்று போட்டு அவன் பெயர். என் விரல் அந்தப் பெயர் மேல் போனது. தடவினேன். அடுத்ததிலும் தடவினேன். பத்துப் பதினைந்து பத்திரிகை இருக்கும், பெயரே தெரியாமல் மஞ்சள் அப்பிவிட்டேன்.

"என்னட்டி இது? உங்க அண்ணன் பேரு மேலல்லா தடவி வச்சிருக்க?" என்றார்.

திறந்தது வாய். அம்மன் சாட்சியாகச் சொல்கிறேன், நான் யோசித்துப் பேசவில்லை. "அவன் மடியில என் பிள்ள உக்காரக் கூடாது" என்றேன். அதற்குமேல் மூச்சு வாங்கியது.

அவர் பத்திரிகையை நகர்த்தி வைத்தார். "மொதல்ல தண்ணியக் குடி. பெறவு சொல்லு. நான் எங்கயும் போவல." எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. கடைசியில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அப்புறம் போனை எடுத்து, "நீ வரப்படாது. எதுக்குன்னு உனக்கே தெரியும்" என்று அவனிடம் சொல்லிவிட்டு வைத்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் சுகம் என்று நினைக்காதீர்கள். அம்மாவிடம் சொன்னேன். "வாய மூடுட்டி! கூடப்பிறந்தவன் மேல இப்படியா பழி போடுவ?" என்று கதவைச் சாத்தினாள். அந்தச் சத்தம் இன்னும் எனக்கு வலிக்கிறது. அவன் பெண்டாட்டி, என் மதினியிடமும் சொன்னேன், அவளுக்கும் பெண்பிள்ளை இருக்கிறதே. பட்டென்று போனை வைத்துவிட்டாள். பத்து நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். "பிள்ளகிட்ட பதமா கேட்டேன், ஒண்ணுமில்ல. இனிமே தனியா விடமாட்டேன்" என்றாள். இரண்டு பேரும் போனிலேயே அழுதோம்.

பங்குனி உத்திரத்தன்று ஆசாரி ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு, "தாய்மாமன வரச் சொல்லுங்க, நேரம் ஆவுதுல்லா" என்றார். சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "தாய்மாமன் வரமாட்டான். பெத்தவ மடி போதும்" என்று நான் உட்கார்ந்தேன். மகள் வீறிட்டாள். எல்லோரும் அழாதே அழாதே என்றார்கள். நான் மட்டும், "நல்லாக் கத்து மக்ளே. வலிச்சாக் கத்தணும்" என்றேன்.

அம்மா வந்திருந்தாள். கூட்டத்துக்குப் பின்னால் தனியாக நின்றாள். எல்லோரும் சாப்பிடப் போன பிறகு என் பக்கத்தில் வந்தாள். "நெசந்தானாட்டி?"

"நெசந்தாம்மா."

மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான் வேலைக்குப் போயிருக்கப்படாது" என்று தலையில் அடித்துக்கொண்டாள். கையைப் பிடித்துக்கொண்டேன். "நீ போனது தப்பில்லம்மா. அவன் செஞ்சதுதான் தப்பு." அதை அவளுக்குச் சொன்னபோதுதான் எனக்கும் அது உறைத்தது.

இப்போது ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரம்மாவைப் பார்க்கிறேன். வக்கீலைப் பார்ப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதும் சில நாட்களில் படுக்கையைவிட்டு எழுந்திருக்கவே முடிவதில்லை. ஆனால் தப்பு என்னுடையது என்ற நினைப்பு போய்விட்டது. அதற்கு அம்மனுக்கு ஆயுசுக்கும் நன்றி சொல்வேன்.

அக்காமாரே, தங்கச்சிமாரே, இதுபோல ஒன்றைச் சுமந்துகொண்டு யாராவது இருந்தால், சாமியிடம் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். நான் அப்படித்தான் இருபத்திரண்டு வருஷம் நிறுத்தியிருந்தேன். அம்மன் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கேட்டதால்தான் காது கொடுக்கிற ஒரு மனுஷனிடம் என்னைத் தள்ளிவிட்டாள். முதலில் சொன்ன ஆள் நம்பாவிட்டால் அடுத்த ஆளிடம் போங்கள். பூஜை முடிந்து எல்லோரும் கிளம்பலாம். நான் கிளம்பமாட்டேன். சொல்ல ஒன்று இருப்பவர்கள் வாருங்கள், இந்தப் பாயிலேயே உட்கார்ந்திருப்பேன்.