அவர் மறுக்காத வரி

நான் பொய் சொன்னேன். கோபத்தில் வாய் தவறி வந்த பொய் அல்ல. சத்தியம் செய்து, கையெழுத்திட்டு, உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பொய். ‘என் குழந்தை தன் தகப்பனைப் பார்த்தாலே அஞ்சி நடுங்குகிறாள்.’ இதுதான் அந்த வரி. என் குழந்தை ஒருநாளும் அவரைப் பார்த்து நடுங்கியதில்லை!

இதை என்னைப் பெற்றவளிடமும் சொன்னதில்லை, கூடப் பிறந்தவனிடமும் சொன்னதில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். ஏன்? நீங்கள் என் வீட்டுக்கு வந்து என் மகளிடம் சொல்லிவிடமாட்டீர்கள் என்ற தைரியம்தான், வேறென்ன...

என் பெயர் செல்வி. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் மண்ணூர்க்காரி. அன்று இந்தப் பக்கம் கம்பெனிகள் அதிகம் கிடையாது, பாதி இடம் வயல்தான். இருந்த சொற்பக் கம்பெனிகளில் ஒன்றில், மாத்திரை பேக்கிங் லைனில் எனக்கு வேலை. அங்கே ஃபிட்டராக வந்தவர் முருகேசன். மதுரைக்காரர். லைன் நின்றுபோனால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். என் லைன் மட்டும் அடிக்கடி நின்றுபோனது! சூப்பர்வைசர் கேலி செய்தே எங்கள் கல்யாணத்தை முடித்துவைத்தார். கல்யாணம் நடந்தது அவர் ஊரில், மதுரையில்.

அவர் என்னை அடித்தவரா? இல்லை. குடித்தவரா? இல்லை. அவருடைய அண்ணன் மதுரையில் லேத் பட்டறை போட்டு, சேர்ந்து நடத்தலாம் வா என்றார். இவர் போகத் துடித்தார். நான் வரமாட்டேன் என்றேன்.

“எனக்கு இங்க வேல கீது. நான் இன்னாத்துக்கு அங்க வரணும்?”

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சண்டை போட்டோம். கடைசியில் அவர் போய்விட்டார். நான் மகள் கயலோடு மண்ணூரில் என் அண்ணன் வீட்டில் தங்கிவிட்டேன். அப்போது அவளுக்கு ஐந்து வயது. இருவருக்கும் வீம்பு. எத்தனை பேர் வந்து பேசியும் யாரும் இறங்கி வரவில்லை. தொண்ணூற்றொன்றில் அவர் மதுரை நீதிமன்றத்தில் மனுப் போட்டார். கல்யாணம் நடந்த ஊர் என்பதால் அங்கே போட முடிந்ததாம். விவாகரத்து வேண்டும், குழந்தையும் வேண்டும் என்று கேட்டிருந்தார்.

வாய்தாவுக்கு வாய்தா நானும் கயலும் மதுரைக்கு பஸ் ஏறினோம். பாவம் குழந்தை, வழியெல்லாம் வாந்தி எடுப்பாள். தலை சிக்குப் பிடித்து, முகம் வெளிறி, துவண்டு போய் இறங்குவாள். ஆனால் நீதிமன்ற வராந்தாவில் அவரைக் கண்டதும் என் கையை உதறிவிட்டு ஓடுவாள்!

அவர் சட்டைப் பையில் சீப்பு இருக்கும். மகளை மடியில் உட்காரவைத்துக்கொண்டு சிக்கெடுப்பார். நகக்கண்ணில் கிரீஸ் அப்பிய தடித்த விரல்கள்... அவற்றுக்கு எங்கிருந்துதான் அந்தப் பொறுமை வந்ததோ! நான் சீப்பைத் தொட்டாலே ஊரைக் கூட்டுகிறவள், அவர் மடியில் பூனைக்குட்டியாய்க் கிடப்பாள். பின்னல் கோணலாகத்தான் இருக்கும். அதை அவிழ்க்கவிடாமல் ஊர்வரை கொண்டுவருவாள். ‘குழந்தை சாப்பிட்டுச்சா?’ என்று என்னிடம் கேட்பார். ‘ம்’ என்பேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. பெயர் கூப்பிடும்போது நாங்கள் இருவரும் உள்ளே போய் எதிரெதிரே நிற்போம்.

ஊருக்கு வந்த மறுநாளே ஆரம்பித்துவிடுவாள்.

“எம்மா, அப்பா வூட்டுக்கு மறுபடியும் எப்போ போவோம்?”

நீதிமன்றத்தை அவள் அப்பா வீடு என்றே நினைத்திருந்தாள்! கறுப்புக் கோட்டுக்காரர்கள் எல்லாம் அவருடைய விருந்தாளிகள். அதைக் கேட்டு என் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு வயிறு எரிந்தது. ஆம், பொறாமைதான். வேறு நல்ல பெயர் வைத்து அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ராப்பகலாய்ப் பார்த்துக்கொள்பவள் நான். அவள் ஏங்குவது அவருக்காகவா? நாளை நீதிபதி அவளைக் கூப்பிட்டு, யாரிடம் இருக்க ஆசை பாப்பா என்று கேட்டால்...?

வழக்கை எங்கள் பக்கத்துக் காஞ்சிபுரத்துக்கு மாற்ற உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம் என்று சென்னையில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். வயதானவர், நல்லவர்.

“தூரமே போதும்மா. வேலைக்குப் போற பொம்பள, சின்னக் கொழந்த. மாத்திக் குடுத்துடுவாங்க” என்றார்.

போதும் என்றுதான் சொன்னார்! கேட்டுக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் வழக்கு காஞ்சிபுரம் வந்தால் கயலின் அப்பாவும் வருவாரே, இவள் அங்கேயும் ஓடிப்போய் மடியில் ஏறுவாளே!

“இன்னொண்ணும் போட்டுக்குங்க சார். கொயந்த அவரப் பாத்தாலே பயந்து நடுங்குது.”

வக்கீல் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

“நெசமாவாம்மா?”

“ஆமா சார்.”

அவர் எழுதினார். நான் கையெழுத்திட்டேன். கை நடுங்கியதா என்று கேட்காதீர்கள். நடுங்கவில்லை.

வழக்கு எளிதாக மாறிவிட்டது. அவர் தரப்பில் எதிர்ப்பே இல்லை. பயந்துவிட்டார் என்று அண்ணன் சொன்னான். நானும் ஜெயித்துவிட்டதாகத்தான் மகிழ்ந்தேன்.

காஞ்சிபுரத்து முதல் வாய்தாவுக்கு மகளை நான் அழைத்துப் போகவில்லை. அவர் பஸ்ஸில் வந்து இறங்கிய கோலத்தில், கசங்கிய சட்டையோடு நின்றிருந்தார். என் பின்னால் யாரையோ தேடினார். வாய்தாதோறும் மகளைப் பார்க்க அனுமதி வேண்டும் என்று அவருடைய வக்கீல் கேட்டார். என் தரப்பு வக்கீல் அந்த வரியை வாசித்துக் காட்டினார். நீதிபதி அவரையே கேட்டார், உயர் நீதிமன்றத்தில் இதை ஏன் மறுக்கவில்லை என்று.

“ஐயா, கேஸ இங்க மாத்தத்தான கேட்டுருக்காகன்னு நெனச்சேன். புள்ள பஸ்ல வாந்தி எடுத்து எடுத்து வந்துச்சுங்க. இனிமே அலைய வேணாமேன்னு சரின்னுட்டேன். உள்ள எழுதியிருந்தத நான் படிக்கலைங்க.”

கேட்டீர்களா? மகள் அலையக்கூடாது என்றுதான் அவர் விட்டுக்கொடுத்தார்! நான் ஜெயிக்கவே இல்லை. அந்தப் பொய் இல்லாமலே வழக்கு மாறியிருக்கும்...

அடுத்த முறை குழந்தையை அழைத்து வாருங்கள், நானே விசாரிக்கிறேன் என்றார் நீதிபதி. தொலைந்தேன் என்று நினைத்தேன். அப்போது கயலின் அப்பா கைகூப்பினார்.

“வேணாங்கய்யா. புள்ள பயப்படுதுன்னா கூட்டியாற வேணாம்.”

அவர் நம்பிவிட்டார்! என் வார்த்தையை, என் பொய்யை, அந்த மனிதர் அப்படியே நம்பிவிட்டார்!

வெளியே வராந்தாவில் என்னருகே வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் தன் இரண்டு கைகளையும் முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

“தல பின்னயில கிரீஸ் வாட அடிச்சதுனாலயா செல்வி? சோப்புப் போட்டுத்தான் வருவேன். இது போகவே மாட்டேங்குது.”

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயைத் திறந்தால் போதும். நான் தலையாட்டினேன். ஆமாம் என்று தலையாட்டினேன்... தாளில் எழுதியதைக்கூட ஒருவேளை யாராவது மன்னிப்பார்கள். இதை?

குழந்தை என்னிடமே இருக்கட்டும் என்று அவர் சம்மதித்துக் கையெழுத்திட்டார். விவாகரத்து கிடைத்தது, கயல் எனக்கே என்று ஆனது. அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை.

கயல் மட்டும் விடவில்லை. அப்பா வூட்டுக்கு எப்போ, எப்போ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். “அவரப் பாத்தா நீ பயந்துடுவ கண்ணு. அப்பல்லாம் எப்டி நடுங்குவ தெரியுமா?” என்பேன். கேட்கும்போதெல்லாம் அதையே சொன்னேன். பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைன் பார்க்கிறாள். கெட்டிக்காரி. கல்யாணமாகி, அவளுக்கே ஒரு பெண் இருக்கிறாள். போன வாரம் மதுரையிலிருந்து அவருடைய அண்ணன் போன் செய்தார்.

“தம்பிக்கு ரொம்ப முடியல செல்வி. ஆஸ்பத்திரியில கெடக்கான். புள்ளைய ஒருக்கா பாக்கணும்ங்கிறான். கூட்டியாறியா?”

அன்று மாலையே கயலிடம் சொன்னேன். அவள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“வேணாம்மா. அவர நெனச்சாலே எனக்கு ஒடம்பு நடுங்குது. கோர்ட்டு வராந்தாவுல என்னைய இழுத்து மடியில அமுக்கி வச்சுக்குவாரே, எனக்கு நல்லா ஞாபகம் கீது.”

நான் சொன்ன பொய் அவளுக்கு நினைவாகவே ஆகியிருந்தது! அந்த மடியையும் அந்தக் கைகளையும் அவள் மறக்கவில்லை. அவை அவளுக்கு வேறொன்றாக மாறியிருந்தன. மாற்றியவள் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். சொல்லடி, இப்போதாவது சொல்லடி என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொன்னால் அவள் என்னை எப்படிப் பார்ப்பாள்? பேத்தியை என் பக்கம் அனுப்புவாளா?

“செரி, நீ துன்னு” என்றேன்.

மறுநாள் அவருடைய அண்ணனுக்கு நானே போன் செய்தேன். “கம்பெனில லீவு குடுக்கமாட்டேன்றாங்க மாமா” என்றேன். அவர் அதைத் தம்பியிடம் உரக்கச் சொன்னார். பிறகு, மிக மெலிதாக, அந்தக் குரல்.

“பரவால்லண்ணே. புள்ளைய அலைக்கழிக்க வேணாம்னு சொல்லு.”