எஃப் எழுத்துக்கு ஊர் இல்லை

நம் பழைய மாணவர் குரூப்பில் செல்வம் எழுதியிருந்ததை வாசித்தேன். "ப்ளோரா மேடம் லேபில் ஒரு தப்புக்கூடச் செய்ததில்லை" என்று.

அது சரியல்ல, செல்வம். செய்திருக்கிறேன். அதைக் கண்டுபிடித்தவர் என் கணவர், நம் கல்லூரி எலெக்ட்ரீஷியன்.

பெட்டி பிரித்த தெர்மாகோல் வாசனை... ஏசி குளிர்... வாசலில் உங்கள் செருப்புகள். நம் கம்ப்யூட்டர் லேபுக்குப் பெங்களூரிலிருந்து பன்னிரண்டு பழைய யூனிக்ஸ் மெஷின்கள் வந்திருந்தன. மறுவாரம் பிராக்டிகல் தேர்வு.

ஒவ்வொரு மெஷினுக்கும் நெட்வொர்க்கில் தனக்கென ஒரு முகவரி உண்டு. எண்களும், ஏ முதல் எஃப் வரை ஆங்கில எழுத்துகளும் கலந்தது. முதல் மெஷினில் அதை வைத்திருக்கும் சிப் பழுது. அதனால் முகவரியை நானே ஒரு ஃபைலில் டைப் செய்து வைத்தேன். பிறகு அந்த டிஸ்க்கை அப்படியே மற்ற பதினொன்றுக்கும் காப்பி போட்டேன். அந்த ஒரு வரியை நீக்க மறந்தேன்.

பன்னிரண்டுக்கும் ஒரே முகவரி!

ஒன்று தனியாக ஓடினால் சரி. இரண்டாவதை ஆன் செய்தால் இரண்டுமே தடுமாறும். உங்கள் எல்லோர் முன்னாலும் அவருடைய வயரிங்கைத்தான் குறை சொன்னேன்.

அவர் ஒவ்வொரு மெஷினாக அணைத்துப் பார்த்தார்.

"வயரு நல்லாத்தேன் இருக்கு மேடம். எது ரெண்டு சேந்து ஓடுனாலும் வம்பு வருது. எல்லாத்துக்கும் ஒரே பேரா வச்சுட்டீக?"

மற்ற பதினொன்றிலும் அந்த வரியை நீக்கினேன். ஆனாலும் திரை காட்டுவதை நம்ப மனம் வரவில்லை. அவர் டார்ச்சோடு மேசைக்கடியில் படுத்து, ஒவ்வொரு மெஷினின் பின்பக்க ஸ்டிக்கரிலும் இருந்த முகவரியை வாசித்தார். நான் நோட்டில் எழுதினேன். பி-யும் டி-யும் குழம்பக் கூடாதென்று, ஒவ்வொரு எழுத்தையும் ஆங்கிலத்தில் அதில் தொடங்கும் ஊர்ப் பெயராகச் சொன்னார்.

"எட்டு... சைபர்... போடி... கம்பம்... தேவதானப்பட்டி..."

திடீரென்று நிறுத்தினார். "எஃப்புக்கு நம்ம பக்கம் ஊரே இல்லையே, மேடம்!"

பிறகு மேசைக்கடியிலிருந்து சத்தமாக, "ப்ளோரா!"

லேபே சிரித்தது. நான் அதட்டினேன்.

"வேற ஊரு சொல்லுங்க, மாத்திக்கிறேன்."

எனக்கும் தெரியவில்லை. அதன்பின் எஃப் வரும்போதெல்லாம், "மேடம் ஊரு வந்துருச்சுடோய்!" என்று கத்தியது நீதானே, செல்வம்?

வீட்டில் அவருக்கு நான் "இந்தா". கல்லூரியில் "மேடம்". அவர் வாயால் என் பெயரைக் கேட்டது அந்த ஒரு மத்தியானம் மட்டும்தான்.

சரிபார்க்க நோட்டைக் கொடுத்தேன். அவர் திருப்பித் தந்தபோது ஒவ்வொரு எஃப்புக்குப் பக்கத்திலும் பென்சிலில் "ப்ளோரா" என்று எழுதியிருந்தார். ஆபீஸ் நோட்டில் இதென்ன, அழியுங்கள் என்றேன். "சரிங்க மேடம்" என்றார். அழித்தாரா என்று நான் பார்க்கவில்லை.

இன்று என் போன் தானாகவே நெட்வொர்க்கில் சேர்ந்துகொள்கிறது. யாரும் எதையும் வாசித்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர் இல்லாத வீட்டில் நான் அம்மா, பாட்டி. வெளியே மேடம்.

செல்வம், பழைய லேபைக் காலி செய்தபோது அந்த நோட்டு கிடைத்ததாக அட்டையின் போட்டோ போட்டிருக்கிறாய். உள்ளே பார். எஃப் எழுத்துகளுக்குப் பக்கத்தில் பென்சில் எழுத்து இருக்கிறதா?

போன் செய்யாதே. எனக்குப் பேச வராது. இருக்கிறது, இல்லை... எதுவானாலும் ஒரு வரி எழுதி அனுப்பு.