அப்பா அழுத செத்தவீடு

அப்பா அழுததை நான் ஒரேயொரு தடவைதான் பார்த்திருக்கிறேன். நான் மட்டுமல்ல, அன்று மாலைச் செய்தி பார்த்த அவுஸ்திரேலியச் சனம் முழுவதும் பார்த்தது.

அப்போது எனக்கு ஏழு வயது. சிட்னியில், வென்ட்வேர்த்வில் ஸ்ரேஷனுக்குப் பின்னால் இருந்த ஒரு மாடிக் குடியிருப்பில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். படகில் வந்தவர்கள். நான் அம்மாவின் மடியில் வாந்தியெடுத்துக்கொண்டே வந்தேனாம். எனக்கு ஒன்றும் நினைவில்லை. எங்களுக்குக் கிடைத்தது தற்காலிக விசா. அதை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம், வாடகை கட்டலாம், வரியும் தாராளமாகக் கட்டலாம். ஊருக்கு மட்டும் போக முடியாது. உயிருக்குப் பயமென்று சொல்லி வந்தவர் பிறகு ஏன் அங்கே போனீர் என்று கேட்டு விசாவைப் பறித்துவிடுவார்கள்.

விழாக்களுக்குக் கதிரையும் கூடாரமும் வாடகைக்குக் கொடுக்கும் ஒரு கம்பனியில் அப்பாவுக்கு வேலை. கலியாணம், பட்டமளிப்பு, குதிரைப் பந்தயம், எதுவென்றாலும் அப்பா விடியப் போய்க் கதிரைகளை வரிசையாகப் போட்டுவிட்டு வருவார். எல்லாம் முடிந்தபின் திரும்பிப் போய் மடித்து ஏற்றுவார். இடையில் அந்தக் கதிரைகளில் யார் இருந்தார்கள், என்ன நடந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது.

அப்பாவுக்கு ஊரில் இருந்த ஒரே சொந்தம் அவருடைய அக்கா. எனக்கு மாமி. தாய் செத்தபோது அப்பா நடை பழகுகிற பிள்ளையாம். அக்காதான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவரைத் தூக்கி வளர்த்தவர். இதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்; அப்பா இந்தக் கதைகள் எதுவும் சொல்லமாட்டார். எனக்கு மாமி என்பது ஒரு குரல். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் போனுக்குள்ளிருந்து வரும். அவர்கள் பக்கத்தில் நெட் சரியில்லாததால் முகம் அரைவாசி திறந்த வாயோடு அப்படியே நின்றுவிடும். குரல் மட்டும் விட்டுவிட்டு வந்துகொண்டிருக்கும். என்ன சாப்பிட்டாய் என்று மாமி கேட்பார். நான் இங்கிலீசில் பதில் சொல்வேன். அவர் விளங்காமலே சிரிப்பார்.

அந்தக் குளிர்காலத்தில் மாமி செத்துப்போனார். அப்பா லோயருக்குப் போன் செய்து, ஒரு கிழமை போய்விட்டு வர ஏதும் வழி இருக்கிறதா என்று கேட்டார். போவதானால் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு ஒரேயடியாகப் போய்விடுங்கள் என்று லோயர் சொன்னாராம். அப்பா செத்தவீட்டை வேலையிடத்துக் கார்பார்க்கில், கம்பனி வானுக்குள் இருந்தபடி போனில் பார்த்தார். மாமியின் மகன் அங்கே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். பெட்டியை மூடும் நேரத்தில் நெட் போய்விட்டது. திரும்ப வந்தபோது வீட்டு முற்றத்தில் ஒருவரும் இல்லை.

அப்பா அழவில்லை. வீட்டுக்கு வந்து தலையில் தண்ணீர் வார்த்தார், சாப்பிட்டார், அடுத்த நாள் வேலைக்குப் போனார். துக்கம் விசாரிக்கச் சாப்பாட்டோடு வந்த அங்கிள்மாருக்கும் அன்ரிமாருக்கும் தானே தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, றோட்டில் நெரிசலா என்று விசாரித்தார். அழவேண்டியவர் அழாததால் வந்தவர்களுக்கு எந்த முகத்தை வைத்திருப்பதென்று தெரியவில்லை. வாசலில் சப்பாத்து மாட்டும்போது ஒரு அன்ரி, வளர்த்துவிட்ட கைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லையே என்று அம்மாவின் காதுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதற்குப் பிறகு அப்பாவை வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார்.

மாமியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து சில நாளில் அந்தப் பாடகி செத்தார்.

அவர் ஒபரா பாடுபவர். உலகமெல்லாம் பாடிப் பேர் எடுத்தவர் என்று ரீவியில் சொன்னார்கள். நாங்கள் அதுவரை கேள்விப்பட்டதில்லை. இரண்டு நாட்களாக வேறு செய்தியே இல்லை. கொடிகளை அரைக்கம்பத்தில் இறக்கினார்கள். பள்ளிக்கூடத்தில் என் ரீச்சர் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு மூக்கைத் துடைத்தார். அம்மா ரீவியில் மலர்க்குவியலைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சனம் அழுவதற்கு அந்த மனிசி கொடுத்து வைத்தவள் என்றார். அஞ்சலிக் கூட்டத்துக்குக் கதிரை போடும் வேலை அப்பாவுடைய கம்பனிக்குத்தான் கிடைத்திருந்தது.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்குப் பாண் பேக்கரியில் வேலை. என்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் அப்பா என்னையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். ஒபரா ஹவுஸ் படிக்கட்டுகளுக்கு முன்னால், துறைமுகத்தைப் பார்த்தபடி வெள்ளைக் கதிரைகள் வரிசை வரிசையாகப் போனதை நான் லொறியின் பின்பலகையில் இருந்து பார்த்தேன். முன்வரிசையில் மந்திரிமாருக்கு மெத்தை வைத்த கதிரைகள். கடற்பறவைகள் எச்சமிட்ட கதிரைகளை அப்பா ஒரு துணியால் துடைத்துக்கொண்டே போனார்.

வழக்கமாக இதோடு அவர் வேலை முடிந்துவிடும். அன்று பாதைகளை மறித்துவிட்டார்கள். லொறியை வெளியே எடுக்க முடியவில்லை. அதனால், தான் போட்ட கதிரைகளில் ஆட்கள் வந்து இருப்பதை அப்பா பார்க்க நேர்ந்தது. எல்லோரும் கறுப்பு உடுப்பு. எல்லோரிடமும் பூ. சிலர் முன்னால் போய்ப் பேசினார்கள், சிலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். அழுகைச் சத்தமே இல்லை. நானும் அப்பாவும் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றோம்.

பிறகு அந்தப் பாடகியின் குரலைப் போட்டார்கள்.

இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பாட்டு என்ன மொழியென்று எனக்குத் தெரியாது. குரல் மெல்லத் தொடங்கி, உயரப் போய், தண்ணீருக்கு மேலால் அக்கரை வரைக்கும் போவது போல இருந்தது. அப்பா துணியைக் கீழே போட்டார். பிறகு நிலத்தில் குந்தினார். பிறகு, “அக்கா” என்றார். முதலில் மெதுவாக. இரண்டாம் முறை முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி. அதற்குப் பிறகு அவர் அழுத அழுகைக்கு அந்த இடத்தில் யாரும் பழக்கப்பட்டிருக்கவில்லை. வாயைத் திறந்து, தொடையில் அடித்து, மூக்கும் கண்ணும் ஒழுக, கம்பனியின் பெயர் போட்ட மஞ்சள் சட்டையோடு அழுதார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“ஸ்ரொப் இற் அப்பா. எல்லாரும் பாக்கினம்.”

அவருக்குக் கேட்கவில்லை.

கடைசி வரிசையிலிருந்து தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு அவர் கையைப் பிடித்தார். அவரை உங்களுக்குத் தெரியுமா என்று இங்கிலீசில் கேட்டார்.

“மை சிஸ்ரர்” என்றார் அப்பா. “லாஸ்ற் ரைம், ஐ நொற் சீ.” கடைசி முறை முகம் பார்க்கவில்லை என்பதை அவர் தன் இங்கிலீசில் அப்படித்தான் சொன்னார்.

அந்த அம்மா அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஆமாம், அவர் எங்கள் எல்லோருக்குமே சகோதரிதான் என்று சொல்லித் தானும் அழுதார். அதற்குள் கமராவும் வந்துவிட்டது.

பாடியது மாமிதான் என்று நான் நம்பினேன். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மாமி எனக்குக் குரலாகத்தான் இருந்தார். இங்கேயும் ஒரு குரல் கேட்டது. அப்பா அதைக் கேட்டு அக்கா என்றார். மாமி இப்படிப் பாடுவார் என்று ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே சந்தேகம்.

அன்று மாலைச் செய்தியில் அப்பா வந்தார். துயரம் எளிய மனிதர்களையும் விட்டுவைக்கவில்லை என்றும், கதிரை போட வந்த தொழிலாளிகூட அவரைச் சகோதரியாக நினைத்தார் என்றும் சொன்னார்கள். திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்தில் செத்தது என் மாமி என்று சொன்னேன். பொய் சொல்லாதே என்று யாரும் என்னைத் திட்டவில்லை. ரீச்சர் என் தலையைத் தடவி, எவ்வளவு அழகாகச் சொல்கிறாய் என்றார். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு அக்கா இருந்திருக்கலாம் என்று அந்தத் தொப்பிக்கார அம்மாவுக்கும் தோன்றவில்லை, ரீச்சருக்கும் தோன்றவில்லை, செய்தி வாசித்தவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் சனத்துக்கு அப்பாவுக்கு அக்கா இருந்தது தெரியும். அதனால் அவர்கள் வேறு மாதிரிச் சிரித்தார்கள். அந்தத் துண்டு வீடியோ போனுக்குப் போன் போனது. அப்பா அக்கா என்று அழுதது அதில் இல்லை; கமரா வந்தது அதற்குப் பிறகுதான். ஸ்ரேஷனடிக் கடையில் மரக்கறி வாங்கப் போன அப்பாவிடம், வெள்ளைக்காரியோடு எப்போது சொந்தம் கொண்டாடத் தொடங்கினீர் என்று ஒரு அங்கிள் கேட்டாராம். அம்மா அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமியின் மகன் ஊரிலிருந்து போன் எடுத்தார். அப்பா போனைக் குசினி மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். இந்த முறை நெட் நன்றாக இருந்தது.

“மாமா, அம்மாவின்ர செத்தவீட்டுக்கு வர ஏலாதெண்டியள். விசாப் பிரச்சினை, சரி. அழுறதுக்கும் விசா வேணுமோ? வெள்ளைக்காரிக்கெண்டா றோட்டில குந்தியிருந்து அழுறியள்.”

அப்பா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டது.

நான் அப்போது, அப்பா அக்கா என்றுதான் அழுதார், ரண்டு தரம் சொன்னார் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மாவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. அப்பாவின் முகத்தையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அவர் வந்து அப்பாவுக்கு முன்னால் இருந்தார்.

“திருப்பி எடுத்து அவனுக்கு அதைச் சொல்லுங்கோவன்.”

“கமராவுக்கு முன்னால அழுதிட்டு இப்ப கதை சொல்லுறன் எண்டு நினைப்பான்” என்றார் அப்பா. “என்ன சொன்னாலும் நான் அங்கதானே அழுதனான்.”

அம்மா தானே போன் எடுத்தபோது அழைப்புப் போகவில்லை. மாமியின் மகன் எங்கள் இலக்கத்தைத் தடுத்திருந்தார். பல வருடங்களுக்குப் பிறகு நிரந்தர விசா கிடைத்து அப்பா ஊருக்குப் போனபோது அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். மகன் எந்த நாட்டில் என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

ஆனால் அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அஞ்சலிக் கூட்டம் கலைந்தபோது, இதெல்லாம் வரப்போவது எனக்குத் தெரியாது. மந்திரிமாரின் கார்கள் போய்விட்டன. அப்பா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கதிரைகளை மடிக்கத் தொடங்கினார். நான் அவருக்குப் பின்னால் போனேன்.

“அப்பா, இவ்வளவு சனமும் மாமிக்காகவா வந்தது?”

அப்பா கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு வெறும் வரிசைகளைத் திரும்பிப் பார்த்தார்.

“ஓம் பிள்ளை” என்றார். “எல்லாரும் மாமிக்குத்தான்.”

எனக்கு ஒரே பெருமையாக இருந்தது. சின்னக் கதிரை ஒன்றை மடித்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு லொறிக்கு ஓடினேன்.