கசார்வாடியில் எழுந்திருக்காத கடை

பம்பாய் சாலையில் நகராட்சி லாரி ஒன்று வழியை மறித்து நிற்பதால், எங்கள் பஸ் கசார்வாடியில் நிற்கிறது. நகராட்சி ஆட்கள் சாலையோரக் கடைகளை அப்புறப்படுத்துகிறார்கள். மற்ற வியாபாரிகள் கூடைகளோடு போய்விட, ஒரு பெண் மட்டும் கத்தரிக்காய்க் குவியலின் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் தமிழில் முணுமுணுப்பது ஜன்னல் வழியே கேட்டு இறங்கிப் போகிறேன்.

"இதற்குப் பதிலாக வேறு இடத்தில் கடை கொடுக்கவில்லையாம்மா?"

"குடுத்தாங்கண்ணே. ரயில் லைனுக்கு அந்தாண்ட, புது மார்க்கெட் கட்டடத்து மாடியில. ஆலையில ஷிஃப்ட் முடிஞ்ச சனம் வீட்டுக்குப் போறது இந்த வழியா. காய் வாங்க அங்க போய் மாடி ஏறுவாங்களா? நான் எழுந்திரிக்க மாட்டேன்."

நகராட்சி அதிகாரி ஒருவர் வந்து அவள் தராசைப் பிடுங்கி லாரியில் எறிகிறார். அவள் இடத்தைவிட்டு அசையவில்லை.

ஆலைச் சங்கு ஊதுகிறது. சைக்கிள்களில் வரும் தொழிலாளர்கள் வழக்கம்போல் அவளைச் சூழ்ந்து நிற்கிறார்கள். கூட்டத்துக்குள் அதிகாரியால் நுழைய முடியவில்லை. எண்ணெய்க் கறை படிந்த சட்டைக்காரர் ஒருவர், எடையைப் பற்றிக் கேட்காமல் பையை விரிக்கிறார். அவள் இரு கைகளாலும் காயை அள்ளிப் போடுகிறாள்.

பிறகு அதிகாரியை நிமிர்ந்து பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி இந்தியில் கேட்கிறாள்:

"உங்க வீட்டுக்கும் கொஞ்சம் போடட்டுமா, சாஹிப்?"